நெய்ச்சோறு உண்ட குதிரைகள்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே காயல் என்றொரு துறைமுகம் இருந்தது. இன்று பழையகாயல் என்று வழங்கும் ஊர் அது. கடல் எப்போதோ விலகிப் போய்விட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், அரபு நாட்டுத் துறைகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த மரக்கலங்கள் இங்கேதான் நங்கூரம் பாய்ச்சின. அவை இறக்கிய சரக்குகளுள் விலை மிகுந்தது குதிரை.

1293 வாக்கில் இவ்வழியே சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இவ்வணிகத்தைப் பற்றி விரிவாகவே எழுதிவைத்தார். ஹோர்முஸ், கிஷ், தோஃபார், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் வருகின்றன. இங்குள்ள மன்னர் ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்குகிறார். அரசர்களாகவே இருக்கும் அவருடைய சகோதரர் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஒரு குதிரையின் விலை 100 மார்க் வெள்ளிக்கும் மேல். இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் வைக்கும் அடுத்த செய்திதான் நம்மை நிறுத்துகிறது. ஆண்டு முடியும்போது அவற்றுள் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை. காரணம், இந்நாட்டாருக்குக் குதிரையைப் பேணத் தெரியாது. சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் போடுகிறார்கள். நல்ல இனத்துக் குதிரைக்கும் நல்ல இனத்துப் பெட்டைக்கும் பிறக்கும் குட்டிகூடக் கால் கோணிப் பிறக்கிறது. ஏறிச் செல்ல உதவுவதில்லை.

இது ஒருவர் மட்டும் சொன்ன செய்தியாயின் அயலான் ஒருவனின் ஏளனம் என்று தள்ளிவிடலாம். சில ஆண்டுகள் கழித்துப் பாரசீகத்தில் இருந்துகொண்டு வரலாறு எழுதிய வஸ்ஸாஃப் என்பவரும் ஏறத்தாழ இதையே வேறு சொற்களில் எழுதினார். கிஷ் தீவின் தலைவரான ஜமாலுதீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுதீன் இங்கேயே பாண்டியனின் அமைச்சர்போல இருந்து துறைமுக அலுவல்களைக் கவனித்தார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்பது கணக்கு. எல்லாத் துறைகளிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்த காலமும் உண்டு என்கிறார் அவர். வந்த குதிரைகளுக்கு வறுத்த பார்லியும் வெண்ணெய் சேர்த்த தானியமும் தருவார்களாம். குடிக்கக் காய்ச்சிய பசும்பால். பிறகு நாற்பது நாள் முளைகளில் கயிற்றால் கட்டிக் கொழுக்கவைப்பார்களாம். அதன்பின் பயிற்சி ஏதுமின்றி வீரர்கள் ஏறிப் பேய்போல் ஓட்டுவார்களாம். சிறிது காலத்திலேயே மிக வலிய குதிரையும் தளர்ந்து, மந்தமாகி, எதற்கும் உதவாததாகிவிடும். ஆதலால் ஆண்டுதோறும் புதிய குதிரை வேண்டியிருந்தது என்று முடிக்கிறார்.

போலோவின் கணக்கில் ஐந்து மன்னர், ஆளுக்கு இரண்டாயிரம், கூட்டினால் பத்தாயிரம். வஸ்ஸாஃப் தரும் எண்ணும் பத்தாயிரம். இவ்வொற்றுமை மெய்யை நிறுவுகிறது என்று நாம் கருதவில்லை. இருவரும் ஒரே வணிகர் கூட்டத்தின் வாய்மொழியைக் கேட்டு எழுதியிருக்கலாம் என்பதைத்தான் அது காட்டுகிறது. வணிகர் சொல்லும் எண் எப்போதும் சற்று வீங்கியே இருக்கும். ஒரு கலத்தில் நூறு குதிரை என்று வைத்துக்கொண்டாலும் நூறு கலங்கள் ஒவ்வோர் ஆண்டும் வந்திருக்க வேண்டும். எண்ணைக் குறைத்துக்கொள்வோம். ஆனால் தீனியும் கயிறும் பற்றிய விவரங்களைப் புனைந்து சொல்வதால் எவருக்கும் இலாபம் இல்லை. அவற்றை நம்பலாம்.

நம்மவர்கள் இவ்விரு குறிப்புகளையும் இரண்டு வகையில் கையாண்டு வந்திருக்கிறார்கள். பாண்டியரின் செல்வத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது ஒன்று. இத்தனை பொன்னைக் குதிரைக்குக் கொட்டும் அளவுக்குக் கருவூலம் நிறைந்திருந்தது என்பது அதன் முடிவு. மனம் புண்பட்டு மறுப்பது மற்றொன்று. குதிரை மறம் என்று ஒரு துறையே வகுத்துப் பாடிய இனத்துக்குக் குதிரை வளர்க்கத் தெரியாதா என்பது அதன் வாதம். இரண்டிலும் குதிரை இல்லை. செத்தது எதனால் என்ற கேள்வியைக் குதிரையின் உடலையும் இயல்பையும் வைத்துக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று விலங்கு மருத்துவமும் விலங்கு நடத்தை ஆய்வும் அதற்குப் போதிய துணை தருகின்றன.

கலத்திலிருந்து தொடங்குவோம். ஹோர்முஸ் கலங்கள் இரும்பாணி இல்லாமல் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை, மேல்தளம் அற்றவை என்று போலோ எழுதுகிறார். சரக்கை ஏற்றி, அதன்மேல் தோல்களைப் பரப்பி, அத்தோல்களின்மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவருவார்களாம். இக்காட்சியைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். குதிரை தரையை நம்பி வாழும் விலங்கு. குளம்பின் கீழே தரை அசைந்தால் அதன் உடம்பு முழுவதும் ஓடுவதற்கு ஆயத்தமாகிவிடும். ஓட இடமில்லை. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உணவுக்குழல் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை அவ்வளவு இறுக்கமானது. தலையை உயர்த்தியே பல நாள் கட்டிவைத்தால் மூச்சுக்குழலில் சேரும் சளி வடியாது. நுரையீரல் அழற்சி வரும். நெடுந்தொலைவு ஏற்றிச் செல்லப்படும் குதிரைகளுக்கு இந்நோய் இன்றும் வருகிறது. குதிரை நின்றபடி உறங்கும் என்பது எல்லாரும் அறிந்தது. ஆயினும் ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதிக்கு அது படுத்தே ஆகவேண்டும் என்பது பலரும் அறியாதது. நெருக்கி நிறுத்திய கலத்தில் வாரக்கணக்காக அதற்கு வழியில்லை. ஆகவே காயலில் இறங்கிய குதிரை முன்பே பாதி நோயாளி.

இறங்கியதும் அதற்கு விருந்து. நாம் மிகவும் தயங்கி நிற்க வேண்டிய இடம் இதுவே.

குதிரையின் இரைப்பை அதன் உடலுக்குச் சிறியது. பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொள்ளும். அதில் அமிலம் நாள் முழுதும் ஓயாமல் சுரக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். எனவே குதிரை நாளில் பாதிக்கு மேற்பட்ட பொழுதைப் புல் மேய்வதிலேயே கழிக்கும்படி அமைந்தது. புல்லின் நாரைச் செரிப்பது இரைப்பை அன்று. பின்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். சோறு போன்ற மாவுப்பொருள் திடீரென மிகுதியாகப் பின்குடலுக்குச் சென்றால் அந்நுண்ணுயிர்களின் உலகம் குலையும், அமிலம் பெருகும், நஞ்சு இரத்தத்தில் ஏறும். விளைவு இரண்டு. ஒன்று சூலை. மற்றொன்று குளம்புக்குள் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகள் வீங்கி விலகும் குளம்பு அழற்சி. நின்றால் வலி, நடந்தால் வலி, கால் மாற்றினாலும் வலி. வஸ்ஸாஃப் சொல்லும் தளர்ந்து மந்தமான குதிரையை இந்நோயின் சித்திரமாகவே நாம் வாசிக்கிறோம். பாலும் அப்படியே, வளர்ந்த குதிரைக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இல்லாமற் போய்விடுகிறது. கால் கோணிய குட்டிகளுக்கும் ஒரு விளக்கம் தோன்றுகிறது. அரிசியிலும் தவிட்டிலும் சுண்ணாம்புச்சத்து குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. இவ்விகிதம் தலைகீழானால் குதிரையின் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். தவிட்டு நோய் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. சினையாக இருக்கும் பெட்டைக்கும் அதன் குட்டிக்கும் இதனால் விளையும் கேடு பெரிது.

சரி, இத்தீனி எங்கிருந்து வந்தது? தமிழரின் அறியாமையா? கௌடிலீயத்தின் இரண்டாம் அதிகரணத்தில் குதிரைகளுக்கான அதிகாரியின் கடமைகளைக் கூறும் இயல் ஒன்று இருக்கிறது. சிறந்த குதிரைக்கு நாள்தோறும் தரவேண்டியவற்றை அது அளவோடு சொல்கிறது: அரிசியோ பார்லியோ வேகவைத்த பயறோ, நெய், உப்பு, இறைச்சி, அதன் சாறு அல்லது தயிர், மேலும் கள் அல்லது பால். பசும்புல்லையும் வைக்கோலையும் அது மறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கொட்டில் எத்தனை அகலம், தரை எப்படி, சாணமும் மூத்திரமும் வெளியேற வழி எங்கே என்பனவற்றையும் அது விதிக்கிறது. ஆகவே போலோ கண்டது அறியாமை அன்று. பெருமன்னர் குதிரைக்கு இப்படித்தான் ஊட்டவேண்டும் என்று நூல் கற்றவர்கள் நம்பிய ஒரு முறை அது. மனிதனுக்கு எது உயர்ந்த உணவோ அதுவே விலை உயர்ந்த குதிரைக்கும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. பொன் கொடுத்து வாங்கிய விருந்தாளிக்குப் புல்லைப் போடுவதா என்று எந்த அரண்மனைக் காரியக்காரருக்கும் தோன்றத்தானே செய்யும்?

புறநானூற்றின் 299ஆம் பாடல் நம் நினைவுக்கு வருவது இங்கேதான். பொன்முடியார் பாடியது; துறை குதிரை மறம். வகுப்பில் அதை நடத்துகையில் உவமையின் அழகைச் சொல்லிவிட்டுக் கடந்து போவதே வழக்கம். பாடலில் இரண்டு வகைக் குதிரைகள். ஒன்று பருத்தி வேலியிட்ட சிற்றூரை ஆளும் எளிய தலைவனுடையது. உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது. மற்றவை வளம் மிக்க மருத நிலத்து வேந்தர்களுடையவை. நெய் பெய்த கவளம் உண்டவை, பிடரி கத்தரிக்கப்பட்டவை, மாலை சூட்டப்பட்டவை. போர் வந்தபோது சக்கை தின்ற குதிரை கடலைப் பிளக்கும் தோணிபோலப் படையை ஊடறுத்துச் சென்றது. நெய்ச்சோறு உண்டவை ஒதுங்கி நின்றன. முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது விலகி நிற்கும் மகளிரைப்போல என்கிறார் பொன்முடியார்.

சிற்றூர் மன்னனின் வீரத்தை உயர்த்த வந்த பாடல் என்று உரைகாரர் வழியில் பொருள் சொல்லலாம். தவறில்லை. ஆயினும் பொன்முடியார் குதிரைகளைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறார் என்று நாம் உறுதியாக எண்ணுகிறோம். உழுந்தின் சக்கை நார் மிகுந்த தீனி, மெல்ல நேரம் எடுக்கும், பின்குடலுக்கு உகந்தது. வறுமையினால் அமைந்த உணவே குதிரைக்கு நன்மையாக முடிந்தது. போலோவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, எந்தக் கொட்டிலில் குதிரை மந்தமாகும் என்பதை ஒரு தமிழ்ப் புலவர் சொல்லிவிட்டார். பாடல் ஏட்டில் நின்றது. கொட்டிலுக்குள் போகவில்லை.

அடுத்து கயிறு. நாற்பது நாள் முளையில் கட்டிவைத்தல் என்பதை வஸ்ஸாஃப் ஒரு வரியில் சொல்லிப் போகிறார். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. கூட்டத்தில் ஒன்று படுத்து உறங்க மற்றொன்று காவல் நிற்கும். அதன் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டத்தையும் காணும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே மறைவு. இந்த உடலமைப்பின் பொருள் ஒன்றுதான்: வருவதைப் பார், ஓடு. ஓட முடியாதபடி கட்டினால் அச்சம் போய்விடுவதில்லை, உள்ளே திரும்புகிறது. கட்டிவைத்த குதிரைகள் மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்குவதும், நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பதும் இன்றைய இலாயங்களிலும் காணக்கூடியவை. திறந்த வெளியில் கூட்டமாக வாழும் குதிரைகள் அவற்றைச் செய்வதில்லை. குதிரைக்காரர்கள் இதைக் கெட்ட பழக்கம் என்பார்கள். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறிக் குட்டையான கயிற்றில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதையும் வதை என்றே எண்ணுகிறது.

நாற்பது நாள் அசைவின்றி, மிகுந்த தானியத்தோடு நின்ற குதிரையை நாற்பத்தோராம் நாள் அவிழ்த்துவிட்டு ஓடு என்றால் தசைகள் இறுகிக் கிழியும். இதுவும் குதிரை மருத்துவர்கள் நன்கறிந்த நோயே. முதுகில் திடீரென ஏறும் சுமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குதிரையின் உடம்பு அறிந்தவரை முதுகின்மேல் பாய்வது புலியோ சிங்கமோதான். கிரேக்கத்து ஜெனோஃபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய சிறுநூலில், சினத்தோடு குதிரையை அணுகாதே என்பதை முதன்மையான விதியாக வைத்தார். அவரும் போர்வீரர்தான், கருணைக்காக எழுதியவர் அல்லர். அஞ்சிய குதிரை போரில் காலை வாரும் என்பது அவர் கணக்கு.

நம் பழமொழிகளைப் பாருங்கள். குதிரையின் குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். அஞ்சி உதைப்பதைத் திமிர் என்று படித்த சமூகத்தின் வாக்கு அது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பது மற்றொன்று. தன்னலக்காரரை இடிப்பதற்கு அதைச் சொல்கிறோம். குதிரையின் பக்கம் நின்று கேட்டால் அதில் இடிப்பதற்கு என்ன இருக்கிறது? நாக்கின்மேல் இரும்பு வருகிறதென்றால் யாராயினும் வாயை மூடத்தான் செய்வர். இவ்வளவுக்கும் பிற உயிரின் அச்சத்தை உணரத் தெரியாத மரபு அன்று நம்முடையது. அகநானூற்றின் நான்காம் பாடலில், பூக்களில் துணையோடு இருக்கும் வண்டுகள் வெருளுமே என்று தேர்மணியின் நாக்கைக் கட்டி வருகிறான் தலைவன். வண்டுக்குக் கிடைத்த அந்தக் கவனம் அத்தேரை இழுத்த குதிரையின் செவிக்கு எவ்வளவு கிடைத்தது என்று அகப்பாடல்களில் தேடிக்கொண்டிருக்கிறோம். விரைவுதான் மிகுதியாகத் தென்படுகிறது.

இதுவரை சொன்னது கொட்டிலின் குற்றம். வணிகத்தின் குற்றம் இதனினும் பெரிது என்பது நம் முடிவு. லாடம் அடித்துக் குளம்பைப் பேணத் தெரிந்தவர்கள் பாண்டிய நாட்டில் இல்லை என்று போலோ எழுதுகிறார். எழுதிவிட்டு, குதிரை வணிகர்கள் அத்தகைய கைவினைஞரைத் தம்மோடு அழைத்து வருவதில்லை என்பதோடு, வர விரும்புவோரையும் தடுக்கிறார்கள் என்கிறார். குதிரை நெடுநாள் வாழ்ந்தால் அடுத்த ஆண்டு விற்பனை குறையும். வஸ்ஸாஃப் தரும் ஒப்பந்தத்தில் இதைவிடத் தெளிவான ஒரு நிபந்தனை இருக்கிறது. வழியில் குதிரைக்கு ஊறு நேர்ந்தாலும், அது இறந்தே போனாலும், விலை பாண்டியனின் கருவூலத்திலிருந்து தரப்பட வேண்டும். இந்நிபந்தனைக்குப் பிறகு, கலத்தில் குதிரைக்குத் தண்ணீர் போதுமா, நிழல் உண்டா என்று கவலைப்பட விற்பவருக்கு எந்தக் காரணமும் மிஞ்சவில்லை.

இவ்வழக்கம் பாண்டியரோடு முடியவுமில்லை. 1535 வாக்கில் விஜயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் பெர்னாவ் நூனிஸ், சாளுவ நரசிம்மன் குதிரை வாங்கிய முறையைக் குறிப்பிடுகிறார். உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும் மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ். கடலில் இறந்தவற்றுக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிருள்ள குதிரைக்குரிய விலை கிடைத்துவிடும். போட்டி மன்னனுக்குக் குதிரை போய்விடக்கூடாது என்பதற்காக ஏற்படுத்திய தாராளம் அது. ஒரு துறைமுகத்துக் கணக்கர் வால்களை எண்ணி ஏட்டில் பதிவதை நினைத்துப் பார்க்கிறோம். வரலாற்று நூல்களில் இது மன்னனின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாக வருவதுண்டு.

தட்பவெப்பம் கெடுத்தது என்போரின் வாதத்தையும் கேட்கவேண்டும். அதில் உண்மை உண்டு. குதிரை வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் விலங்கு. அதன் வியர்வையில் உப்பு மனித வியர்வையில் உள்ளதைவிட மிகுதி. கடற்கரையின் ஈரப்பதத்தில் வியர்வை உலராது, உடல் குளிராது, சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுவிடும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பந்தயக் குதிரைகளிடம் இந்நோயைக் கண்டார்கள். உண்ணி ஈக்களைப்போல் கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் சர்ரா என்னும் காய்ச்சல் வேறு; அதன் கிருமியை 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். ஆயினும் வெப்பம் மட்டுமே காரணமாயின் தமிழகத்தின் மேட்டு நிலங்களில் முயன்று பார்த்திருக்கலாம். பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாக அறியப்பட்ட ஓசூர்ப் பண்ணை, கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்ப்பதற்கென்றே 1824இல் தொடங்கப்பட்டது. குளிர்ந்த நிலம் பாண்டியருக்கும் சோழருக்கும் இல்லாமற் போகவில்லை. வளர்ப்பதைவிட வாங்குவது எளிதாக இருந்தது, கருவூலம் நிறைந்திருந்தது, வாங்குவதில் பெருமையும் இருந்தது. அவ்வளவே. கோயில் நிலங்களின் மிகை வருவாயிலிருந்தும் இதற்குப் பணம் போனதாக வஸ்ஸாஃப் சொல்வதைச் சேர்த்துப் படித்தால், இது ஒரு மன்னனின் தனிப்பட்ட செலவு மட்டும் அன்று என்பது விளங்கும்.

மாணிக்கவாசகர் கதையை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாண்டியனின் பொன்னை எடுத்துக்கொண்டு குதிரை வாங்கக் கடற்கரைக்குப் போன அமைச்சர் திருப்பெருந்துறையில் அப்பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொண்டுவந்தான். அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் முன்பே இருந்த குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பரஞ்சோதி முனிவர் இதற்கு இரண்டு படலங்கள் ஒதுக்கியிருக்கிறார். கதையில் கயிறு மாறிக் கொடுத்தல் என்று ஒரு சடங்கு வருகிறது. கயிறு கைமாறிவிட்டால் அதன்பின் குதிரைக்கு நேர்வதற்கு விற்றவர் பொறுப்பல்லர் என்பது அதன் பொருள். பக்தி இலக்கியத்தை வணிகப் பத்திரமாகப் படிப்பது நம் விருப்பம் அன்று. ஆனாலும் மாலையில் பொன் கொடுத்து வாங்கிக் கட்டிய குதிரைகள் விடியும்போது இலாயத்தில் இல்லை, இருந்தவையும் செத்துக் கிடக்கின்றன என்ற காட்சி மதுரைக் குதிரைக்காரர்களுக்கு முற்றிலும் கற்பனையாகத் தோன்றியிருக்காது என்றே எண்ணத் தோன்றுகிறது. இது நம் ஊகமே. கதையின் காலம் வஸ்ஸாஃபுக்கு முற்பட்டது என்பதையும் மறக்கவில்லை. குதிரை வரவு அவருக்கும் மிக முற்பட்டதாயிற்றே. கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலையும் பெரும்பாணாற்றுப்படையும் அறியும்.

குதிரையைப் பற்றி நம் நாட்டில் நூல்கள் இல்லாமல் இல்லை. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களோடு 1952இல் பதிப்பித்தது. இவ்வகை நூல்கள் பெரிதும் கவலைப்படுவது நிறத்தையும் சுழியையும் பற்றி. நெற்றியில் எத்தனை சுழி, மார்பில் எங்கே சுழி, எச்சுழி உடையவனுக்கு நாடு கிடைக்கும், எச்சுழி குடியைக் கெடுக்கும். குதிரை வாங்குவோர் பலர் இன்றும் சுழி பார்த்தே வாங்குகின்றனர். சுழி, குதிரையை வைத்திருப்பவனின் எதிர்காலத்தைச் சொல்வது. குதிரை இப்போது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது அதன் முகம்.

அம்முகத்தைப் படிக்க முறையான அகராதி ஒன்று அண்மையில்தான் உருவாயிற்று. 2014இல் வலியுற்ற குதிரையின் முகக்குறிகள் ஆறனை வகுத்தார்கள்: செவி பின்னோக்கி விறைத்தல், கண் இறுகல், கண்ணுக்கு மேலே தசை மேடிடல், தாடைத் தசை புடைத்தல், வாய் இறுகி மோவாய் துருத்தல், மூக்குத்துளை விறைத்து விரிதல். 2015இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரையின் முகத்தில் தனித்தனியாக இயங்கும் அசைவுகள் 17 என்று எண்ணினார்கள். மனிதனுக்கு 27, சிம்பன்சிக்கு 13. நம்மிடம் இல்லாத ஒரு மொழி அதனிடம் இருக்கிறது என்று எண்ணத் தேவையில்லை. பெரும்பகுதி நமக்கும் பழகிய மொழிதான்.

இந்த ஆறு குறிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக்குச் சென்று பாருங்கள். 16ஆம் நூற்றாண்டுத் தூண்கள். பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரைகள், மேலே வீரர், கீழே வேட்டைக்காரரும் பாயும் விலங்கும். வீரத்தின் வடிவங்கள் என்றே நாமும் மாணவர்களை அழைத்துச் சென்று காட்டியிருக்கிறோம். வீரரின் முகத்தை விட்டுக் குதிரையின் முகத்தை மட்டும் பாருங்கள். கடிவாளம் இழுத்த வாய், விரிந்த மூக்கு, புடைத்த தாடை. சிற்பி எதையும் மறைக்கவில்லை. எதிரே இருந்த குதிரையைத்தான் செதுக்கியிருக்கிறான். அரியலூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் கோயில்களில் வேளார்கள் சுட்டு நிறுத்தும் மண் குதிரைகளும் அவ்வாறே. பல் வரிசை வெளியே தெரியும். கண் உருண்டு பிதுங்கியிருக்கும். கருவிழியைச் சுற்றி வெள்ளை தீட்டியிருப்பார்கள். உயிருள்ள குதிரையின் கண்ணில் அவ்வெள்ளை பெரும்பாலும் அது மருளும்போதுதான் தெரியும்.